பேட்டரி செல்லுக்கு வாங்கிய சான்று பவர் பேங்குக்கும் செல்லுமா?

பவர் பேங்க் தயாரிக்கும் சிறிய யூனிட் ஒன்றை நடத்தும் பெண்மணி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவரும் அவருடைய தம்பியும் ஒன்பது பணியாளர்களுடன் நான்கு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். 2,500 எம்ஏஎச் அளவுள்ள 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல் எட்டை இணையாக வெல்டு செய்து, சார்ஜைக் கட்டுப்படுத்தும் மின்னணு போர்டு பொருத்தி, கூட்டுக்குள் வைத்து 20,000 எம்ஏஎச் பவர் பேங்க்காக உள்நாட்டில் விற்றுவந்தவர்களுக்கு, முதன்முறையாக வெளிநாட்டு ஆர்டர் கிடைத்திருக்கிறது. ஜெர்மனியில் இருக்கும் ஒரு நிறுவனம் தன் பிராண்டு பெயரை அச்சடித்து 3,000 எண்ணிக்கை கேட்கிறது, கெடு ஏழு வாரம். செல் சப்ளையர் கொடுத்த மூன்று காகிதங்கள் அவரிடம் இருக்கின்றன: ஐரோப்பாவுக்கான ஒரு 'சிஇ சான்றிதழ்', செல்லுக்கான ஐஇசி 62133-2 பாதுகாப்பு ரிப்போர்ட், செல்லுக்கான யூஎன் 38.3 (லித்தியம் பேட்டரியைச் சரக்காக அனுப்பத் தேவைப்படும் ஐநா சோதனை) சுருக்க அறிக்கை. இவை போதும் என்று நம்பி 50 சாம்பிளை விமானத்தில் அனுப்பப் பார்த்தபோது, சரக்கு ஏஜென்ட் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். 'மொபைல் உதிரிபாகம் என்று எழுதிச் சின்னச் சின்னப் பார்சலாகப் போடுங்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்' என்று தெரிந்தவர் ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். வழக்கமாக வாங்கும் செல்லும் 1,600 பவர் பேங்க்குக்குத்தான் இருக்கிறது, மீதிக்கு அதே அளவில் வேறு கம்பெனி செல் வாங்கியாகிவிட்டது. இதற்கிடையில் ஜப்பானிலிருந்து ஒரு விசாரணை, அமெரிக்காவில் ஆன்லைனில் விற்கும் ஒருவரிடமிருந்து 'யூஎல் (அமெரிக்காவில் கேட்கும் பாதுகாப்புச் சான்று) இருக்கிறதா' என்று ஒரு கேள்வி. "எங்களிடம் இருப்பது போதாதா? போதாது என்றால் எந்தச் சான்றிதழை முதலில் வாங்குவது? அந்த நண்பர் சொன்ன வழியில் அப்படி என்ன தப்பு?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த யோசனையைச் செயல்படுத்திவிட்டு, மாட்டிக்கொண்ட பிறகு எழுதாமல், செய்வதற்கு முன்பே நின்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கே முதலில் நன்றி சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் பெட்டி எங்கோ ஒரு கிடங்கில் முடக்கப்பட்ட பிறகு வருபவை.

சுற்றி வளைக்காமல் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது போதாது. முதலில் வேண்டியது உங்கள் பவர் பேங்க்குக்கே எடுத்த யூஎன் 38.3. 'மொபைல் உதிரிபாகம்' என்று எழுதி ஒரே ஒரு பெட்டியைக்கூட அனுப்ப வேண்டாம். ஏழு வாரம் என்ற கெடு நடக்காது, அதை வாங்குபவரிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. ஏன் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கையில் இருக்கும் மூன்று காகிதங்கள்

நீங்கள் அனுப்பிய நகல்களைப் பார்த்தேன். மூன்றிலும் 'பொருள்' என்ற இடத்தில் இருப்பது செல்லின் மாடல் எண், விண்ணப்பதாரர் செல் கம்பெனி. உங்கள் பவர் பேங்க் எதிலும் இல்லை. சான்றிதழ் என்பது சோதித்த அந்தப் பொருளுக்குத்தான். எட்டுச் செல்லைச் சேர்த்து, நிக்கல் பட்டையை வைத்து வெல்டு செய்து, உங்கள் போர்டைப் பொருத்தியதும் அது வேறு ஒரு பொருளாகிவிடுகிறது, அதைச் செய்தவர் நீங்கள். யூஎன் விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது: உள்ளே இருக்கும் செல் தேறியதா இல்லையா என்பது ஒரு பக்கம், அதிலிருந்து செய்த பேட்டரியும் தனியாகத் தேற வேண்டும்.

யூஎன் 38.3 என்பது அபாயகரமான சரக்குகளுக்கான ஐநா சோதனைக் கையேட்டின் ஒரு பகுதி. டி1 முதல் டி8 வரை எட்டுச் சோதனைகள். விமானம் உயரத்தில் பறக்கும்போது இருக்கும் குறைந்த காற்றழுத்தம், 72 டிகிரிச் சூட்டுக்கும் மைனஸ் 40 டிகிரிக் குளிருக்கும் பத்து முறை மாற்றி மாற்றி வைப்பது, அதிர்வு, அதிர்ச்சி, சூடான நிலையில் வெளியிலிருந்து ஷார்ட் செய்வது, இந்த ஐந்தையும் அதே சாம்பிள்கள் வரிசையாகத் தாங்க வேண்டும். உங்கள் செல் தனியாகத் தேறிய டி6 சோதனையில் 9.1 கிலோ எடையை 61 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து செல்லின் மேல் வைத்த கம்பியில் போடுவார்கள், அதை நேரில் பார்த்தவர்கள் செல்லை அலட்சியமாகத் தூக்கிப் போட மாட்டார்கள். பவர் பேங்க்குக்கு முக்கியமானது டி7: அனுமதித்த கரன்ட்டைப்போல இரண்டு மடங்கு கரன்ட்டில் 24 மணி நேரம் அளவுக்கு மீறி சார்ஜ் ஏற்றிவிட்டு, பிறகு ஏழு நாள் தீப்பிடிக்கிறதா, உடைகிறதா என்று பார்ப்பார்கள். செல்லின் ரிப்போர்ட் உங்கள் போர்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான், ஓவர்சார்ஜைத் தடுக்க வேண்டியது போர்டு.

இதிலிருந்தே ஒரு கணக்குப் போடலாம். சூடு-குளிர்ச் சோதனை மட்டும் கிட்டத்தட்ட ஆறு நாள். ஓவர்சார்ஜுக்குப் பிறகு ஏழு நாள் காத்திருப்பு. அதற்கு முன்பே சாம்பிளில் ஒரு பாதியை 25 முறை ஏற்றி இறக்கிப் பழக்க வேண்டும். ஆக, யாராவது 'மூன்று நாளில் யூஎன் 38.3 ரிப்போர்ட் வாங்கித் தருகிறேன்' என்றால், அங்கே சோதனையே நடக்கவில்லை என்று அர்த்தம். நல்ல லேபில் நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். சாம்பிளாகப் பதினாறு பவர் பேங்க் போதும், ஆனால் கூடுதலாக நான்கைந்து கொடுத்துவையுங்கள்.

முடிந்ததும் லேப் இரண்டு கொடுக்கும்: முழு ரிப்போர்ட், அப்புறம் ஒன்றிரண்டு பக்கத்தில் சுருக்க அறிக்கை. சரக்கு ஏஜென்ட் கேட்டது இந்தச் சுருக்க அறிக்கையைத்தான். 2020 ஜனவரி 1 முதல் தயாரிப்பாளரும் அதற்குப் பின் விற்பவர்களும் கேட்கும்போது இதைக் காட்டியாக வேண்டும். அவர் உங்களை அலைக்கழிக்கவில்லை, தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார், அந்த ஏஜென்ட்டை விட்டுவிடாதீர்கள்.

ஐஇசி 62133-2 விஷயமும் இதேதான். அது பயன்பாட்டில் வரும் ஆபத்துகளைப் பார்க்கும் தரநிலை, செல்லுக்கு ஒரு பகுதி, செல்களைச் சேர்த்துச் செய்த பேக்குக்கு ஒரு பகுதி. உங்களிடம் செல் பகுதி மட்டும் இருக்கிறது. அது வீண் இல்லை. பேக்குக்கு எடுக்கும்போது அந்த ரிப்போர்ட்டை லேப் ஏற்றுக்கொண்டால் செல் சோதனைகளைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்காது, செலவு குறையும்.

மூன்றாவது அந்தச் 'சிஇ சான்றிதழ்'. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அதை நம்பித்தான் நீங்கள் ஆர்டரே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். தங்க நிற ஓரமும் முத்திரையும் இருக்கிறதே தவிர அதில் சரக்கு இல்லை. சிஇ என்பது பவர் பேங்க் போன்ற பொருளுக்கு யாரோ வழங்கும் சான்றிதழ் அல்ல, தயாரிப்பாளரே தன் பொறுப்பில் 'இந்தப் பொருள் இன்ன இன்ன ஐரோப்பியச் சட்டங்களின்படி இருக்கிறது' என்று கையெழுத்திட்டுச் சொல்லும் உறுதிமொழி. அந்தக் காகிதத்தில் எழுதியிருப்பது மின்காந்த இசைவுச் சட்டமும் லோ வோல்டேஜ் சட்டமும். வெறும் செல்லில் மின்காந்த இரைச்சல் எழுப்ப எந்த மின்னணுச் சுற்றும் இல்லை. லோ வோல்டேஜ் சட்டமோ 50 வோல்ட் ஏசி, 75 வோல்ட் டிசியிலிருந்துதான் தொடங்குகிறது, 3.7 வோல்ட் செல்லுக்கு அங்கே இடமே கிடையாது. இனிமேல் யார் இப்படி ஒரு காகிதத்தை நீட்டினாலும் இந்த இரண்டையும் பாருங்கள்.

'எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்'

அந்த நண்பர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். பலர் அப்படி அனுப்புவதும் உண்மை. ஆனாலும் 2010 செப்டம்பர் 3 அன்று நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். துபாயிலிருந்து ஜெர்மனியின் கொலோனுக்குப் புறப்பட்ட யூபிஎஸ் சரக்கு விமானம், போயிங் 747. ஏறி 22 நிமிடத்தில் தீ எச்சரிக்கை மணி. காக்பிட் முழுவதும் புகை, எதிரில் இருக்கும் கருவிகளே தெரியவில்லை. கேப்டனுக்கு ஆக்சிஜன் நின்றுபோய் இருக்கையை விட்டு எழுந்து போனவர் திரும்பி வரவில்லை. துணை விமானி தனியாக, ரேடியோ அலைவரிசையைக்கூட மாற்ற முடியாமல், பக்கத்தில் பறந்த வேறு விமானங்கள் செய்தியை மாற்றி மாற்றிச் சொல்ல, அதைக் கேட்டே ஓட்ட முயன்றார். விமானம் விழுந்தது, இருவரும் இறந்தார்கள். சரக்கில் ஏராளமான லித்தியம் பேட்டரிகள் இருந்தன. அவற்றில் குறைந்தது மூன்று சரக்குகள் அபாயகரமான சரக்கு என்று அறிவிக்கப்பட்டிருக்க வேண்டியவை, அறிவிக்கப்படவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது.

லேபிள் இருந்தால் தீப்பிடிக்காது என்று நான் சொல்லவில்லை. எதை எங்கே ஏற்ற வேண்டும், எதற்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று முடிவெடுக்க விமானக் குழுவினருக்கு இருக்கும் ஒரே தகவல் நீங்கள் பெட்டியில் எழுதுவதுதான். அதை மறைத்தால் முடிவெடுக்கும் வாய்ப்பையே அவர்களிடமிருந்து பறிக்கிறோம். 2016 ஏப்ரல் 1 முதல் தனியாக அனுப்பும் லித்தியம் அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றவே தடை. 'மொபைல் உதிரிபாகம்' என்று எழுதிய பெட்டி நேராகப் போய் உட்காருவது அப்படி ஒரு பயணிகள் விமானத்தின் வயிற்றில், மேலே குழந்தைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். சர்வதேச அஞ்சலிலும் தனி பேட்டரிகளுக்கு அனுமதியில்லை, ஆகவே சின்னப் பார்சல் என்பதும் தீர்வில்லை.

உங்கள் நிலைமை என்னவாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தவறான விவரம் தந்து அனுப்பினால் காப்பீடு கைகொடுக்காது, விமான நிறுவனங்கள் உங்கள் சரக்கையே ஏற்க மறுக்கும், பல நாடுகளில் அபராதத்தோடு குற்ற வழக்கும் வரும். ஆவணத்தில் அனுப்புநராகக் கையெழுத்திடுவது நீங்களும் உங்கள் தம்பியும். யோசனை சொன்னவரின் பெயர் எங்கும் இருக்காது.

அந்தப் புது செல்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்த வரி இதுதான்: "அதே சைஸ், அதே 2,500 எம்ஏஎச் என்பதால் பிரச்சினை இருக்காது என்று நினைக்கிறோம், சில பேக்கில் இரண்டு மூன்று குறைந்தால் கலந்தும் போடலாமா என்று வெல்டிங் பையன் கேட்கிறான்."

கலக்கவே கூடாது. உங்கள் பேக்கில் எட்டுச் செல்லும் இணையாக இருக்கின்றன, அவற்றை இணைக்கும் நிக்கல் பட்டை போர்டுக்கு முன்னால் இருக்கிறது. ஒரு செல் உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் மற்ற ஏழும் தங்கள் சக்தியை அதற்குள் கொட்டும், நடுவில் போர்டு இல்லாததால் அதனால் எதையும் தடுக்க முடியாது. வேறு வேறு கம்பெனி செல்லை ஒன்றாகப் போட்டால் உள் மின்தடை வேறுபடும், கரன்ட்டைச் சமமாகப் பங்கிடாது, ஏதோ ஒன்று அதிகம் உழைத்துச் சீக்கிரம் கெடும். அந்தப் பையன் கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தானே, அவனை நிச்சயம் பாராட்டுங்கள்.

ஒரு முழு பேக்கில் புது செல் மட்டும் போட்டால்? ஆபத்து குறையும், ஆனால் சான்றிதழ் கணக்கில் அது வேறு மாடல். செல்லுக்குள் இருக்கும் கேத்தோடு, ஆனோடு, செப்பரேட்டர், எலக்ட்ரோலைட் ஆகிய பொருள்களில் எது மாறினாலும், பாதுகாப்புப் போர்டு மாறினாலும், செல்லின் எண்ணிக்கையோ இணைக்கும் முறையோ மாறினாலும் யூஎன் 38.3 திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். கம்பெனி மாறினால் இதில் ஒன்றாவது மாறாமல் இருக்காது. ஆகவே இரண்டு வழி: 1,600 மட்டும் முதல் தவணையாக அனுப்பிவிட்டு மீதிக்குப் பழைய செல்லுக்காகக் காத்திருப்பது, அல்லது புது செல் பேக்கை இரண்டாவது மாடலாக வைத்து அதற்கும் தனியாகச் சோதனை எடுப்பது. புது செல் கம்பெனி தன் செல்லுக்கே யூஎன் 38.3, 62133-2 ரிப்போர்ட் தர முடியவில்லை என்றால் இரண்டாவது வழியை மறந்துவிடுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் வழிக்குத்தான் போவேன்.

செல் விஷயத்தில் பெரியவர்களுக்கே சறுக்கும். 2025 ஜூனில் அங்கர் நிறுவனம் அமெரிக்காவில் பவர்கோர் 10000 என்ற ஒரே மாடலில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட பவர் பேங்க்குகளைத் திரும்பப் பெற்றது. உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி அதிகம் சூடாகித் தீப்பிடிக்கலாம் என்பதுதான் காரணம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சில வருடங்களுக்கு முன், என் மேசைக்கு வந்த ஒரு பேக்கைத் திறந்தேன், எல்லா ரிப்போர்ட்டும் ஒழுங்காக இருந்த மாடல் அது. 18650 செல்லில் நடுவில் இருக்கும் மேல் மூடி பாசிட்டிவ், அதைச் சுற்றியிருக்கும் விளிம்பிலிருந்து கீழ் வரை முழு உடம்பும் நெகட்டிவ், இரண்டையும் பிரிப்பது உள்ளே ஒரு பிளாஸ்டிக் வளையமும் மேலே நகத்தால் கீறினாலே கிழியும் ஒரு உறையும்தான். அதனால்தான் மேலே வெள்ளை இன்சுலேஷன் வளையம் ஒட்டுவார்கள். அந்தப் பேக்கில் வளையம் இல்லை. நிக்கல் பட்டையின் பிசிறு, விளிம்பில் உறையைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது, உலோகத்தைத் தொட ஒரு தலைமுடி அளவு இடைவெளி. லேபுக்குப் போன சாம்பிளில் வளையம் இருந்தது. அவசர ஆர்டரில் யாரோ அந்த ஒரு வேலையைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. இன்று சாயங்காலம் உங்கள் மேசையில் முடிந்த பேக் இரண்டைத் திறந்து, நீங்களே அந்த வளையத்தைப் பாருங்கள்.

விமானமா, கப்பலா

பலர் செய்யும் தவறு, பவர் பேங்க்கை 'கருவிக்குள் இருக்கும் பேட்டரி' என்று நினைப்பது. வேறொன்றுக்கு மின்சாரம் கொடுப்பதுதான் அதன் வேலை என்பதால் சரக்கு விதியில் அதைப் பேட்டரியாகவே பார்க்கிறார்கள், தனியாக அனுப்பும் லித்தியம் அயான் பேட்டரிக்கான ஐநா எண் யூஎன் 3480. உங்களுடையது 3.7 வோல்ட்டை 20 ஆம்பியர்-அவரால் (அதாவது 20,000 எம்ஏஎச்) பெருக்கினால் 74 வாட்-அவர், அதில் அடங்கும் மொத்த மின்சக்தியின் அளவு இது. 100 வாட்-அவருக்குள் இருப்பதால் சில சலுகைகள் உண்டு. இந்த 74 என்ற எண்ணைக் கூட்டின் மேல் அச்சடியுங்கள், எம்ஏஎச் மட்டும் போதாது. சரக்குக்கும் அது வேண்டும், நாளைக்கு அதைக் கைப்பையில் வைத்து விமானம் ஏறும் பயணிக்கும் அது வேண்டும்.

விமானத்தில் என்றால் சரக்கு விமானம் மட்டும். சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நீங்கள் கடைசிச் சோதனையில் முழு சார்ஜ் ஏற்றிப் பார்த்துவிட்டு அப்படியே பெட்டியில் வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அது மாற வேண்டும், சோதனை முடிந்ததும் இறக்கும் ஒரு கட்டத்தைச் சேர்க்க வேண்டும். நான்கு விளக்கில் எத்தனை எரிகிறது என்று பார்ப்பது அளவாகாது, செல் கம்பெனி தரும் வோல்டேஜ் வரைபடத்தை வைத்து மீட்டரில் பாருங்கள். ஒரு பெட்டிக்குப் பேட்டரி எடை 10 கிலோ, அதற்கு மேல் என்றால் யூஎன் முத்திரை பதித்த பெட்டியும் கடுமையான பிரிவும். உங்களுடையது 450 கிராம் என்றால் ஒரு பெட்டியில் 22, ஆக 3,000க்கு 137 பெட்டி. அபாயச் சரக்கு அறிவிப்புப் படிவம், ஒன்பதாம் வகுப்பு லித்தியம் லேபிள், சரக்கு விமானத்துக்கு மட்டும் என்ற லேபிள், இதையெல்லாம் செய்யப் பயிற்சி பெற்ற ஆள். செய்யக்கூடியதுதான், செலவு அதிகம்.

கப்பலில் 100 வாட்-அவருக்கு உட்பட்டவற்றுக்கு நிம்மதி அதிகம். யூஎன் 38.3 தேறியிருக்க வேண்டும், ஷார்ட் ஆகாமல் ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் இருக்க வேண்டும், பெட்டி 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்க வேண்டும், பெட்டி மொத்த எடை 30 கிலோவுக்குள் இருக்க வேண்டும், லித்தியம் பேட்டரி குறி ஒட்ட வேண்டும். இவ்வளவும் இருந்தால் முழு அபாயச் சரக்கு நடைமுறை தேவைப்படாது. ஆனால் கப்பல் கம்பெனிகள் தங்கள் விருப்பப்படி கூடுதலாகக் கேட்பதுண்டு, முன்பதிவுக்கு முன் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாங்குபவருக்குக் கடையில் வைக்க அவசரம் என்றால், இருநூறு முந்நூறை முறைப்படி விமானத்தில், மீதியைக் கப்பலில் என்று பிரித்துக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

ஜெர்மனிக்கு என்னென்ன, யார் பொறுப்பு

ஐரோப்பாவுக்கு உங்கள் பொருள் சந்திக்க வேண்டியவை: மின்காந்த இசைவுச் சட்டம், ஏனென்றால் உங்கள் போர்டில் வோல்டேஜை ஏற்றும் சுற்று இரைச்சல் எழுப்பும். ஆபத்தான பொருள்களைக் கட்டுப்படுத்தும் ரோஹெச்எஸ். பேட்டரிகளுக்கான 2023/1542 ஒழுங்குமுறை, இதன்படி 2024 ஆகஸ்ட் 18 முதல் பேட்டரிக்கும் சிஇ குறி வேண்டும், குறுக்குக் கோடு போட்ட குப்பைத்தொட்டிக் குறியும் வேண்டும். அப்புறம் 2024 டிசம்பர் 13 முதல் அமலில் இருக்கும் பொதுப் பொருள் பாதுகாப்பு ஒழுங்குமுறை, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பொறுப்பேற்கும் ஒருவரின் பெயரும் முகவரியும் பொருளில் இருக்க வேண்டும். வயர்லெஸ் சார்ஜிங் வைத்தால் ரேடியோ கருவிச் சட்டமும் சேர்ந்துகொள்ளும், உங்கள் மாடலில் அது இல்லை, நல்லது. ஒட்டுமொத்தப் பொருளின் பாதுகாப்பைக் காட்ட ஐஇசி 62368-1 ரிப்போர்ட் எடுப்பது வழக்கம்.

ரோஹெச்எஸ் என்றதும் உங்களிடம் ஒரு கேள்வி: பட்டறையில் எந்த சால்டர் உபயோகிக்கிறீர்கள்? 60/40 என்று எழுதியிருந்தால் அதில் 40 சதவீதம் ஈயம், அனுமதி 0.1 சதவீதம். போர்டு சப்ளையர் ஈயமில்லாமல் கொடுத்திருந்தாலும், ஒயரை ஒட்டும் அந்த ஒரே சொட்டில் எல்லாம் போய்விடும். ஈயமில்லா சால்டருக்கு மாறினால் சால்டரிங் அயர்ன் முனையும் சூடும் மாற்ற வேண்டிவரும், பையன்களுக்குப் பழக ஒரு வாரம் ஆகும், இன்றே ஆரம்பியுங்கள்.

பொறுப்பு விஷயத்தில் உங்களுக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது, உங்களுக்கு அது தெரிந்திருப்பதாகத் தோன்றவில்லை. வாங்குபவர் தன் பிராண்டு பெயரில் விற்றால் ஐரோப்பியச் சட்டத்தின் கண்ணில் தயாரிப்பாளர் அவர்தான். சிஇ உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டியதும், தொழில்நுட்பக் கோப்பைப் பத்து வருடம் வைத்திருக்க வேண்டியதும், ஜெர்மனியில் பேட்டரி உற்பத்தியாளராகப் பதிவு செய்ய வேண்டியதும் அவர். நீங்கள் தர வேண்டியது ரிப்போர்ட்டுகளும், சோதனையில் தேறிய அதே பொருளையே அனுப்புகிறோம் என்ற உறுதியும். ஆனால் அவர் அனுப்பிய ஒப்பந்த வரைவில் 'எல்லாச் சான்றிதழும், திரும்பப் பெறும் செலவு முழுவதும் தயாரிப்பவர் பொறுப்பு' என்று இருக்கிறதே, அதில் அப்படியே கையெழுத்திடாதீர்கள். அதிகாரிகள் முன் அவருக்கு இருக்கும் பொறுப்பை ஒப்பந்தத்தால் மாற்ற முடியாது, பணச்சுமையை மட்டும் உங்கள் தலையில் கட்ட முடியும். தயாரிப்புக் குறையால் வரும் செலவுக்கு ஒரு உச்சவரம்பு கேளுங்கள், லேபிள், பதிவு, விளம்பரத்தில் வரும் தவறுகள் அவருடையவை என்று எழுதச் சொல்லுங்கள், முடிந்தால் பொருள் பொறுப்புக் காப்பீடு எடுங்கள். கையெழுத்துக்கு முன் ஏற்றுமதி ஒப்பந்தம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

ஜப்பானும் அமெரிக்காவும்

இவை அவசரமில்லை, ஆனால் இப்போதே யோசித்தால் ஒரே சோதனையைப் பல இடத்துக்கு உபயோகிக்கலாம். 62133-2, 62368-1 இரண்டையும் எடுக்கும்போது, ஒரு நாட்டில் எடுத்த சோதனையை மற்ற நாடுகளும் ஏற்கும் சிபி திட்டத்தின் கீழ் எடுங்கள். 50க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன, அந்தந்த நாட்டு வேறுபாடுகளை மட்டும் சேர்த்தால் போதும்.

ஜப்பானில் 2019 பிப்ரவரி 1 முதல் பவர் பேங்க்குக்கு வட்ட பிஎஸ்இ குறி (அந்நாட்டு மின்பொருள் பாதுகாப்புக் குறி) கட்டாயம். அரசிடம் அறிவிப்புக் கொடுத்து அந்தக் குறியைப் போடுவது அங்குள்ள இறக்குமதியாளரின் கடமை, நீங்களாகக் குறியை அச்சடித்து அனுப்ப முடியாது. அமெரிக்காவில் கதை வேறு. பவர் பேங்க்குக்கான தரநிலை யூஎல் 2056, இதைக் கட்டாயமாக்கும் மத்தியச் சட்டம் இல்லை, ஆனால் பெரிய ஆன்லைன் தளங்களும் கடைகளும் அது இல்லாமல் ஏற்பதில்லை, ஆகவே நடைமுறையில் கட்டாயம்தான். எஃப்சிசி என்ற அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் விதிகளுக்கான மின்காந்தச் சோதனை தனி, அது சட்டம். பொருளில் ஆபத்தான குறை தெரியவந்தால் 24 மணி நேரத்துக்குள் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்ல வேண்டிய கடமை அங்குள்ள இறக்குமதியாளருக்கு உண்டு, அந்தத் தகவல் உங்களிடமிருந்து உடனே போக வேண்டும். சீனாவுக்கு இப்போதைக்கு நினைக்க வேண்டாம், 2024 ஆகஸ்ட் 1 முதல் அங்கே 3சி சான்றிதழ் கட்டாயம், தொழிற்சாலையையே வந்து பார்ப்பார்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

புது செல் பெட்டிகளை வேறு அறையில் வைத்து, 'ஏற்றுமதிக்கு அல்ல' என்று எழுதி ஒட்டுங்கள், பழையதோடு கைதவறிக்கூடக் கலக்கக் கூடாது. பழைய செல்லில், கடைசி வடிவமைப்பில், ஈயமில்லா சால்டரில், வளையத்தோடு சுமார் 40 பேக் செய்யுங்கள். அதற்கு ஒரு மாடல் எண் வைத்து, செல்லின் மாடல், போர்டின் பதிப்பு எண், கூட்டின் அச்சு, நிக்கல் பட்டையின் தடிமன் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி உங்கள் தம்பியும் நீங்களும் கையெழுத்திட்டுப் பூட்டி வையுங்கள், இனி அந்தத் தாளை மீறி எதையும் மாற்றக் கூடாது. சோதனைக்கூடங்களின் தகுதிக்கான ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் உள்ள லேபாகப் பாருங்கள், அங்கீகாரப் பட்டியலில் இந்தத் தரநிலைகள் இருக்கின்றனவா என்று அவர்களிடமே காட்டச் சொல்லுங்கள்.

ஜெர்மனிக்காரருக்கு எழுதத் தயங்க வேண்டாம். 'எங்களிடம் இருந்த ரிப்போர்ட்டுகள் செல்லுக்கானவை என்று இப்போது தெரிந்தது, பவர் பேங்க்குக்கான சோதனையை இன்ன லேபில் ஆரம்பித்துவிட்டோம், இன்ன தேதியில் முடியும், முதல் தவணை 1,600' என்று நேராக எழுதுங்கள். இந்தத் தொழிலில் இருப்பவர் என்றால் அவருக்கும் தெரியும், ரிப்போர்ட் இல்லாத பெட்டி துறைமுகத்தில் நின்றால் நஷ்டம் அவருக்கும்தான். அவர் கோபப்பட்டு ஆர்டரை ரத்து செய்தாலும், எடுத்த சோதனை உங்களிடமே இருக்கும், அடுத்த வாடிக்கையாளருக்கு அதைக் காட்டலாம். ரிப்போர்ட் இல்லாமலே அனுப்பு என்று அவர் வற்புறுத்தினால், அந்த ஆர்டரை விட்டுவிடுங்கள்.

சுருக்க அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் மாடல் எண், வாட்-அவர், எடை, உங்கள் நிறுவனத்தின் பெயர், இந்த நான்கையும் லேபிள் டிசைனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் ஏஜென்ட் திரும்பவும் பெட்டியை நிறுத்துவார், 3,000 லேபிள் அச்சடிப்பதற்கு முன் லேபில் சொல்லித் திருத்தி வாங்கிவிடுங்கள். ஒப்பந்தத்தின் அடுத்த வரைவு வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.